பத்தாயத்தின் மேல் கேட்ட சீறல்

வளைகாப்பு முடிந்து அம்மா என்னைப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்து வந்த நாளிலிருந்தே வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டுதான் இருந்தோம். எதற்கென்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முந்தைய வருடம் ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டேன். ஆனால் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, குழந்தை இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை, வளர்ச்சி பின்தங்குகிறது, அடிக்கடி வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் கணவர் குவைத்தில் இருந்தார். தினமும் வீடியோ காலில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்பார். கேட்க நினைத்ததை அவர் கேட்க மாட்டார், சொல்ல நினைத்ததை நானும் சொல்ல மாட்டேன். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அம்மா தன் பயத்தையெல்லாம் சட்டமாக்கி வைத்திருந்தாள். அதில் முதல் சட்டம், பொழுது சாய்ந்தபின் வாசலுக்கு வரக்கூடாது. கூடு திரும்பும் பறவையின் நிழல் பிள்ளைத்தாய்ச்சி மேலோ கைக்குழந்தை மேலோ விழுந்தால் பிள்ளை இளைத்துப்போகும், அது பட்சி தோஷம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். எந்தப் பட்சி என்று விவரமாகச் சொல், காக்கையா கொக்கா பருந்தா, என்ன வரிசை, என்ன குடும்பம் என்று அம்மாவைச் சீண்டுவேன். சீண்டிவிட்டு வெயில் தாழ்வதற்குள் நானே உள்ளே போய்விடுவேன். படிப்பு வாயில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது.

வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, அதில் பத்தாயம் நிற்கிறது. ஆளை விட உயரமான, நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி. இப்போது நெல் வயலிலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவதால் அது வெறுமனே நிற்கிறது. அதன் தலையில் பழைய சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்த வென்டிலேட்டர் கண்ணாடி ஏதோ ஒரு புயலில் உடைந்தது, உடைந்தபடியே கிடந்தது. கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம் மழைக்காக அந்த அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டிருந்த துணியை எடுக்கப் போனேன். தலைக்கு மேலே, சாக்குகளுக்குப் பின்னாலிருந்து, நீளமாக ஒரு சீறல் கேட்டது. நின்று, மறுபடி கேட்டது. வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன்.

அப்பா பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிடலாம் என்றார். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் எந்த உயிருக்கும் அடிபடக் கூடாது, அதுவும் நல்ல பாம்பு என்றால் நினைத்தே பார்க்கக் கூடாது என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாகம்மாவே காவலுக்கு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, அறை வாசலில் ஒரு கிண்ணத்தில் பாலும் ஒரு முட்டையும் வைத்தாள். பாம்பு பால் குடிக்காது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் பால் அப்படியே இருந்தது, முட்டையைக் காணோம். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓட்டைக்கூட விடவில்லை பார், நல்ல பசி போலிருக்கிறது என்று அப்பா சொன்னார். அவர் கிண்டல் செய்கிறாரா நம்புகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு அது காவலாகத் தோன்றவில்லை. என் படுக்கையறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே சுவர். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டித் திணித்தேன். செருப்பை உதறிப் பார்க்காமல் கால் நுழைக்கவில்லை. குழந்தை அசையாமல் இருந்தால் அதற்குப் பயந்தேன், அசைந்தால் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதோ என்று அதற்கும் பயந்தேன். இப்படியே நாட்கள் போயின. பாம்பு தன்னை யாராவது சீண்டினால்தான் சீறும். தினம் பொழுது சாயும் வேளையில், யாருமே இல்லாத அறையில், யார் அதைச் சீண்டுகிறார்கள் என்று ஒரு விலங்கியல்காரிக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மார்கழி பிறந்து சில நாட்களில் அம்மா முகம் வெளுத்துப்போய் என் அறைக்கு வந்தாள். அந்த அறையைப் பெருக்கப் போயிருக்கிறாள். பத்தாயத்தின் ஓரத்தில் கட்டைவிரல் பருமனில் ஓர் உருண்டை கிடந்திருக்கிறது. கறுப்பாக, மினுமினுப்பாக, முடியையும் எலும்பையும் சேர்த்து உருட்டினாற்போல இருந்ததாம்.

"யாரோ செய்வினை வச்சிருக்காங்கடி" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஒன்று இல்லை, நிறையக் கிடந்தன. அம்மா தடுக்கத் தடுக்க ஒன்றைக் காகிதத்தில் எடுத்து வந்து, கொண்டை ஊசியால் பிரித்தேன். உள்ளே எலி மயிர். அதற்குள் பொதிந்து ஒரு குட்டி மண்டையோடு, ஆரஞ்சு நிறத்தில் முன்பற்கள், குச்சி குச்சியாகக் கால் எலும்புகள். ஒன்றுகூட உடையவில்லை. இரையைக் கிழித்துத் தின்னும் பருந்தும் கழுகும் எலும்பையும் பெரும்பாலும் கரைத்துவிடும். இரையை முழுசாக விழுங்கி, கரையாத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியாகத் துப்புகிற வழக்கம் எலி தின்னும் பறவைகளில் ஆந்தைக்குத்தான் உண்டு. மொபைலை ஒரு கம்பின் நுனியில் ரப்பர்பேண்டு போட்டுக் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, பத்தாயத்தின் தலைக்கு மேலே நீட்டினேன். சீறல் கூரையைப் பிடுங்கியது. இறக்கிப் பார்த்தால், வெற்றிலை மாதிரி முகம் வைத்த ஐந்து கூகைக் குஞ்சுகள் வரிசையாக நின்று காமிராவைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அன்றைக்கு முட்டையை எடுத்தது எலியோ அப்பாவோ, நாகம்மா இல்லை. அம்மா அந்த வீடியோவை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாம்பாவே இருந்திருக்கக் கூடாதா" என்றாள்.

கூகையை எங்கள் ஊரில் சாக்குருவி என்பார்கள். அது கூரையில் உட்கார்ந்து அலறினால் அந்த வீட்டில் ஒரு சாவு விழும். அம்மாவுக்கு நாகம் தெய்வம், கூகை எமனுடைய ஆள். உலகத்துப் பறவைகளையும் அவள் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறாள். கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால் அது கருடன், கும்பிட வேண்டும். அதற்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு பருந்து கொல்லையில் கோழிக்குஞ்சைத் தூக்கினால் கல்லால் அடிக்க வேண்டும்.

எங்கள் பாடப்புத்தகத்துப் பிரிவினையும் ரொம்ப ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது. வளைந்த அலகு, கொக்கி நகம், கூர்மையான பார்வை என்று இருக்கிறதையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே கூடையில் போட்டார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது கதை மாறியது. பருந்தும் கழுகும் ஒரு வீடு. அவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட வல்லூறு, ரத்த சம்பந்தத்தில் கிளிக்குத்தான் பங்காளி. ஆந்தைகள் தனி வரிசை, அதிலும் கூகை தன் முகவெட்டோடும் சீறலோடும் தனிக்குடித்தனம். ஒரே தொழில் செய்வதால் ஒரே சாயல் வந்ததே தவிர, எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் அம்மாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எந்தக் குடும்பமாக இருந்தாலும் நம் குடும்பத்தில் வந்து ஏன் உட்கார வேண்டும் என்று கேட்டாள்.

அப்பா சாக்கோடு தூக்கித் தென்னந்தோப்பில் வைத்துவிடலாம் என்றார். வைத்தால் தாய் தேடி வராமல் போகலாம், குஞ்சுகள் செத்துப்போகும் என்றேன். அம்மா வசமாக மாட்டிக்கொண்டாள். வைத்திருந்தால் சாவைக் கூப்பிடும் பறவை வீட்டுக்குள், விரட்டினால் மகள் பிள்ளை சுமக்கும் நேரத்தில் ஐந்து உயிரைக் கொன்ற பாவம். அவள் அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். சாயங்காலம் வந்து, சிறகு முளைத்துப் போகும்வரை இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதில் ஒன்றுகூட இந்தக் கூரைக்குக் கீழே சாகக் கூடாது என்றாள். முன்னதை விடப் பெரிய சட்டம் அது.

அந்தச் சட்டம் அப்பாவைத்தான் முதலில் பிடித்தது. சம்பா பூட்டை கட்டி, கதிர் வெளிவரக் காத்திருந்த நேரம், எலி தூரோடு அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. வயலில் வைக்க அவர் எலி மருந்து வாங்கி வைத்திருந்தார். மருந்து தின்ற எலி தள்ளாடும், தள்ளாடுகிற எலியைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும், பிடித்ததை நேராகக் குஞ்சுக்குக் கொண்டுவரும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அந்தப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள். கடைசியில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறவரை வரச் சொன்னார்கள். அப்படிப் பிடித்தால் அந்தப் பாவம் கிட்டி வைக்கிறவரோடு போய்விடும் என்பது அம்மாவின் கணக்கு.

நான் தினமும் வெளிச்சம் மங்குவதற்குள் கம்பை நீட்டி வீடியோ எடுத்துவிடுவேன். கூகை எல்லா முட்டையையும் இட்டு முடித்துவிட்டு அடைகாப்பதில்லை. முதல் முட்டையிலேயே உட்கார்ந்துவிடும். இட்ட வரிசையில் குஞ்சுகள் பொரிந்து வரும். அதனால் மூத்ததற்கு இறகு முளைக்கும்போது கடைசி இன்னும் பஞ்சு உருண்டையாகத்தான் இருக்கும். எலி நிறையக் கிடைக்கிற வருடம் எல்லாமே பிழைக்கும். கிடைக்காவிட்டால் கடைசிக்குப் பங்கு வராது. அது மெலிந்து விழுந்தால் மற்றவை அதையே தின்றுவிடும். வகுப்பில் இதைச் சொல்லும்போது, இயற்கை கூடுதலாக ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எவ்வளவு சுலபமாக எழுதினேன்.

வீடியோவில் அந்தக் கடைசிக் குஞ்சு மற்றவற்றின் காலடியில் நிற்கும். இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. எனக்கு அந்த வார்த்தைகள் டாக்டரம்மாவின் குரலிலேயே கேட்டன. அது பிழைத்தால் என் பிள்ளை பிழைக்கும் என்று ஒருநாள் நினைத்துவிட்டேன். நினைத்தது முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும். ஒரு தரம் நினைத்துவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப எடுக்க முடிவதில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"அந்தக் கடைசிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்குத் தாங்காதும்மா."

திட்டுவாள் என்று நினைத்தேன். கம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கையை உயர்த்தி நிற்கக் கூடாது, இனிமேல் நான் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

பொங்கலுக்கு முன்னால் கடலில் தாழ்வு மண்டலம் என்று சொன்னார்கள். மழை பிடித்தது, விடவே இல்லை. சம்பா அப்படியே சாய்ந்து தண்ணீரில் படுத்தது. அப்பா வரப்புக்கும் வீட்டுக்குமாக நடந்தார். எனக்குப் பயிரைப் பற்றிய நினைப்பே இல்லை. கூகையின் இறகு சத்தமில்லாமல் பறப்பதற்காகப் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், அதனாலேயே மழைத்தண்ணீர் அதில் ஊறிவிடும். நனைந்த கூகையால் வேட்டையாட முடியாது. ஒவ்வொரு நாளும் ஓட்டில் விழும் மழையைக் கேட்டபடி, இன்றைக்கும் இரை வராது, இன்றைக்கும் வராது என்று படுத்திருப்பேன். அந்த வாரம் ஸ்கேனில் பனிக்குட நீரும் குறைகிறது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் குழந்தை அசைகிறதா என்று கையை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சீறல் குறைந்துகொண்டே வந்தது. பாம்பென்று நினைத்தபோது அந்தச் சத்தம் கேட்டுப் பயந்தவள், இப்போது கேட்காதபோதெல்லாம் பயந்தேன்.

அம்மா காலையில் எழுந்ததும் முக்காலி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு வருவாள்.

"அஞ்சும் இருக்கு" என்பாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

மழை விட்ட அன்று காலையில் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. நாள் இன்னும் நிறைய இருந்தது. அப்பா காருக்குப் போன் செய்தார். அம்மா பின்கட்டிலிருந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வலியிலும் நான் கேட்டது அதைத்தான்.

"கடைசி?"

"இருக்கு. இன்னிக்கு எல்லாத்துக்கும் முன்னாடி வந்து நிக்குது, நீ வா."

தஞ்சாவூர் போகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் சாய்ந்த வயலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முன்னாடி வந்து நிற்கிறது, முன்னாடி வந்து நிற்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன்.

பெண் குழந்தை. அழுதாள், ஆனால் பூனைக்குட்டி மாதிரி அழுதாள். என்னிடம் காட்டிவிட்டு உடனே கண்ணாடி அறைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாயும் காலில் ஊசியுமாக அந்த வெதுவெதுப்பான விளக்குக்குக் கீழே என் மகள் நாள் கணக்கில் படுத்திருந்தாள். இன்றைக்குப் பரவாயில்லை என்பார்கள், நாளைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பார்கள். அம்மா அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மாற்றுச்சேலை எடுத்து வரக்கூட வீட்டுக்குப் போகவில்லை, அப்பாதான் கொண்டுவந்தார். அவள் தூங்கி நான் பார்க்கவில்லை. பேத்தி மேல் இத்தனை பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளைத் தேற்றுவதாக நினைத்து ஒருநாள் நான் சொன்னேன்.

"அந்த மழையில அந்தக் கடைசியே பொழைச்சுக்கிச்சு. இவளும் பொழைச்சுக்குவாம்மா."

"ம்" என்றாள். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

மகள் பிழைத்தாள். எடை கூடி, குழாய் எடுத்து, நாங்கள் ஊருக்குத் திரும்பும்போது மாசி பிறந்திருந்தது. ஆரத்தி எடுத்து உள்ளே விட்டார்கள். கூகைகள் பறந்து போயிருந்தன. பத்தாயத்தின் மேல் வெள்ளை எச்சமும் சாக்கும்தான் மிச்சம். சில நாள் கழித்து, உடம்பு கொஞ்சம் தேறியபின், ஒரு சாயங்காலம் அந்த அறைக்குப் போனேன். ஓரத்தில் ஓர் உருண்டை கிடந்தது. பழைய ஞாபகத்தில் பிரித்தேன். எலி மயிருக்கு நடுவே எலும்புகள், வழக்கம்போல. ஆனால் அதில் ஒரு பாதம் இருந்தது. எலிக்கு அப்படிப் பாதம் கிடையாது. வளைந்த சின்ன நகங்கள், முழுசாக முற்றாதவை. பக்கத்தில் கொக்கி மாதிரி வளைந்த அலகின் நுனி. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

கூடத்தில் அம்மா குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை விரித்துக் காட்டினேன். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அன்னிக்குக் காலையிலதான்" என்றாள். "கிட்டிக்காரர்கிட்ட எலி வாங்கி வாங்கி நான்தான் மேல போட்டுக்கிட்டு இருந்தேன். கடைசிக்குன்னு தள்ளிப் போட்டாலும் பெருசுங்க பிடுங்கிக்கும். அன்னிக்கு ஏறிப் பாக்கறேன், பெருசு வாயில கால் மட்டும் தொங்குது. அப்பத்தான் நீ கூப்புட்ட."

கோழிக் கறியைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவுகிறவள் அவள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மழையில் அவள் வந்து போனதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலையில் அவள் கை ஏன் அப்படிச் சில்லிட்டிருந்தது என்று புரிந்தது. கண்ணாடி அறைக்கு வெளியே அவள் ஏன் தூங்கவில்லை என்றும் புரிந்தது. சாவு ஏற்கனவே வீட்டுக்குள் விழுந்துவிட்டது, அடுத்தது எது என்பதைத் தான் மட்டும் அறிந்தவளாக அத்தனை நாளும் நின்றிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயும் பயந்திருப்ப. வீட்ல ஒருத்தர் பயந்தா போதாதா?"

குழந்தை தும்மியது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து அதன் நெஞ்சுக்கு மேல் போட்டாள். வெளியே வெயில் தாழ்ந்து, கொக்குகள் ஆற்றங்கரை மரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அம்மா எட்டித் தன் பக்கத்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். நான் எழுந்து போய் மற்ற ஜன்னலைச் சாத்தினேன்.